சிரிகாவா கல்தூண்கள்: கூட வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

அரிசோனா மாநிலத்தின் தென்கிழக்கு மூலையில், மெக்சிகோ எல்லையிலிருந்து அதிக தூரமில்லாத இடத்தில் சிரிகாவா மலைத்தொடர் இருக்கிறது. அதன் ஒரு பகுதியில் கல்தூண்கள் கூட்டம் கூட்டமாக நிற்கின்றன. அந்த இடத்தைத் தேசிய நினைவுச்சின்னமாகப் பாதுகாக்கிறார்கள். டூசானிலிருந்து காரில் இரண்டு மணி நேரம், ஃபீனிக்ஸிலிருந்து கிட்டத்தட்ட நாலு மணி நேரம். வெயில் தணிந்த மாதங்களில் நம்மூர்க்காரர்களோடு அங்கே நடக்கப் போவதுண்டு. யாரைக் கூட்டிப்போனாலும் முதல் ஒரு மைலுக்குள் அதே கேள்விகள்தான் வரும். ஏற்றத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு பாதிப் பாதியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

இதுவும் கிராண்ட் கேன்யன் மாதிரிதானே?

இல்லை, இங்கே கதையே வேறு. கிராண்ட் கேன்யனில் கடலடியிலும் மணல்மேடுகளிலும் படிந்த அடுக்குகள் பல கோடி ஆண்டுகளாக ஒன்றன்மேல் ஒன்று சேர்ந்தன, பிறகு கொலராடோ ஆறு அவற்றை அறுத்துக்கொண்டு இறங்கியது. சிரிகாவாவில் நீங்கள் நடக்கும்போது இரண்டு பக்கமும் பார்க்கும் பாறையில் பெரும்பகுதி ஒரே எரிமலையிலிருந்து, சுமார் 2.7 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரே பெரிய வெடிப்பில் வந்தது.

இது சிரிகாவா அப்பாச்சி மக்களின் நிலம். பின்னால் இங்கே குடியேறிய எரிக்சன் குடும்பத்து லில்லியனும் அவர் கணவர் எட் ரிக்ஸும் இந்தப் பாறைகளை வெளியுலகம் அறியச் செய்ய நிறைய உழைத்தார்கள். 1924-ல் அதிபர் கூலிட்ஜ் இதை நினைவுச்சின்னமாக அறிவித்தார். பாதைகளில் பலவும் 1934 முதல் 1940 வரை, பொருளாதார மந்தக் காலத்து அரசு வேலைத்திட்டத்தில் சேர்ந்த இளைஞர்கள் போட்டவை. இன்றும் படிக்கற்கள் ஆடாமல் இருக்கின்றன.

முதல் தடவை வர்றோம், எந்தப் பாதையில போனா எல்லாம் தெரியும்?

நேரம் குறைவென்றால் எக்கோ கேன்யன் சுற்று. 3.3 மைல். மலைச்சாலையில் 8 மைல் ஏறினால் மாசாய் பாயின்ட் வரும், அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே இந்தப் பாதை தொடங்குகிறது. தூண்களுக்கு நடுவே புகுந்து, இரண்டு சுவர்களுக்கு இடையே ஒடுங்கி, பள்ளத்தாக்கில் இறங்கித் திரும்ப ஏற வேண்டும். இந்தப் பக்கத்தில் நான் சொல்வதில் முக்கால்வாசியை அதிலேயே பார்த்துவிடலாம். காலில் தெம்பிருந்தால் ஹார்ட் ஆஃப் ராக்ஸ் வரை போய்வாருங்கள், 7.3 மைல். சின்னக் குழந்தைகள், பெரியவர்கள் இருந்தால் மாசாய் பாயின்டில் அரை மைல் சுற்று ஒன்று இருக்கிறது, அது போதும்.

பாதையில் தண்ணீர் கிடைக்காது. பெட்ரோலை வில்காக்ஸ் ஊரிலேயே போட்டுக்கொள்ளுங்கள். ஜூலை முதல் செப்டம்பர் வரை மதியத்துக்கு மேல் இடி மின்னல் வரும். கிட்டத்தட்ட 7,000 அடி உயரத்தில் கல்தூணுக்குப் பக்கத்தில் நின்று மின்னலை வேடிக்கை பார்ப்பது நல்ல யோசனை இல்லை.

அண்ணா, இதெல்லாம் லாவா உறைஞ்சு நின்னதுதானே?

பத்துப் பேரில் ஒன்பது பேர் இப்படித்தான் நினைத்துக்கொண்டு வருகிறார்கள். எரிமலை என்றாலே சிவப்பாக ஓடும் குழம்புதான் நம் மனதில் வருகிறது. இங்கே நடந்தது அதுவல்ல. இந்தத் தூண்களெல்லாம் சாம்பல்.

பூமிக்கடியில் இருந்த பாறைக்குழம்பில் சிலிக்கா மிக அதிகம், நூற்றுக்கு 75 பங்குபோல. சிலிக்கா கூடக் கூடக் குழம்பு கெட்டியாகும், எளிதில் ஓடாது. அதற்குள் கரைந்திருக்கும் நீராவியும் வாயுக்களும் வெளியேற வழியில்லாமல் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் மேலே இருக்கும் பாறை தாங்காமல் பிளந்ததும் குழம்பு நுரைத்துச் சிதறி, கண்ணாடித் தூளும் நுரைக்கல் துண்டுகளும் வாயுவும் கலந்த கொதிக்கும் மேகமாகத் தரையோடு தரையாகப் பாய்கிறது. மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் வேகம், பல நூறு டிகிரி வெப்பம். எதிரில் இருந்த பள்ளத்தாக்குகளை எல்லாம் அது நிரப்பியது.

சாம்பல்னா ஊதினா பறக்குமே, அது எப்படிக் கல்லாகும்?

அடுப்புச் சாம்பல் விறகு எரிந்து மிஞ்சியது. எரிமலைச் சாம்பல் எரிந்த பொருளே இல்லை, பொடிந்த கண்ணாடி. அது ஆறுவதற்குள் நூற்றுக்கணக்கான அடி உயரத்துக்குக் குவிந்துவிட்டதென்றால், உள்ளே சூடு அப்படியே அடைபட்டிருக்கும். கண்ணாடித் துகள்கள் இளகி, மேலே இருக்கும் பாரத்தில் நசுங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இப்படி ஒட்டி இறுகிய பாறையைத்தான் வெல்டட் டஃப் என்கிறார்கள். இங்கே இருப்பதற்கு ரயோலைட் கேன்யன் டஃப் என்று பெயர். நினைவுச்சின்ன எல்லைக்குள் இதன் தடிமன் 2,000 அடியை நெருங்குகிறது.

எல்லா இடத்திலும் ஒரே அளவு ஒட்டவில்லை. நடுவில் சூடு நெடுநாள் தங்கியதால் நன்றாக இறுகியது. மேல்பரப்பு சீக்கிரம் ஆறிப்போனதால் பொலபொலவென்றே நின்றுவிட்டது, அதில் பெரும்பகுதியை மழை கரைத்துவிட்டது. இந்த இறுக்க வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், தூண்களின் இடுப்பைப் பற்றிப் பேசும்போது மறுபடி தேவைப்படும்.

இது சாம்பல்தான்னு கல்லைப் பார்த்தே சொல்ல முடியுமா?

முடியும், இதற்காகத்தான் ஒரு சின்ன லென்ஸ் கொண்டுவரச் சொல்கிறேன். எக்கோ கேன்யனில் பாதை ஒடுங்கும் இடத்தில் சுவருக்கு ஓரடி தூரத்தில் நின்று பாருங்கள். பாசி படியாத இடமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். பாறை சாம்பல் நிறத்திலோ லேசான ரோஸ் கலந்த பழுப்பிலோ இருக்கும். அதில் விரல் நீளத்துக்கு, சில இடத்தில் இன்னும் நீளமாக, இரண்டு முனையும் கூர்ந்த தட்டையான திட்டுகள் தெரியும். எல்லாம் ஒரே திசையில் படுத்திருக்கும். ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் நுரைக்கல் துண்டு, குதிகால் தேய்க்கக் கடையில் விற்கிறார்களே அதே பியூமிஸ். சூட்டிலும் பாரத்திலும் உள்ளிருந்த காற்றெல்லாம் போய்த் தட்டையாகிவிட்டது. லாவாவில் இப்படி நசுங்கிய நுரைக்கல் இருக்காது. சாம்பல் குவிந்து அமுங்கியது என்பதற்கு இதைவிட நேரான சாட்சி வேண்டாம்.

அதோடு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவில் மினுங்கும் புள்ளிகளும் தெரியும். உடைந்த கண்ணாடிபோல் இருப்பது குவார்ட்ஸ். தலையைக் கொஞ்சம் சாய்த்தால் சட்டென்று தட்டையாக ஒளிவிடுவது சானிடின் என்ற ஃபெல்ட்ஸ்பார். வெடிப்புக்கு முன்பே குழம்புக்குள் வளர்ந்திருந்த படிகங்கள் இவை. சானிடின் பெயரை மறக்காதீர்கள், வயது கணக்கில் அதுதான் கதாநாயகன்.

எவ்வளவு பெரிய வெடிப்பு? நியூஸ்ல பார்க்கிற மாதிரியா?

அமெரிக்காவில் 1980-ல் வெடித்த செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை வெளியே தள்ளியது ஏறத்தாழ ஒரு கன கிலோமீட்டர். பிலிப்பைன்ஸில் 1991-ல் வெடித்த பினட்டுபோ சுமார் பத்து. சிரிகாவாவில் வெளிவந்தது 500 கன கிலோமீட்டருக்கு மேல் என்று கணக்கிடுகிறார்கள். அதாவது இதற்கு நிகரான ஒன்றை எழுதிவைக்கப்பட்ட வரலாற்றில் மனிதர் யாரும் பார்த்ததில்லை.

ஆனால் உலகத்திலேயே பெரியது இதுதான் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். சுமத்ராவின் தோபா சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்தபோது வெளிவந்தது இதைவிடப் பல மடங்கு. அதன் சாம்பல் ஆந்திராவின் ஜ்வாலாபுரம் வரை வந்து படிந்திருக்கிறது.

அப்போ அந்த எரிமலை எங்கே? கூம்பு மாதிரி எதையும் காணோமே!

இவ்வளவு பெரிய வெடிப்பு கூம்பை விட்டுவைக்காது. அடியில் இருந்த குழம்பு காலியானதும் மேலே இருந்த நிலம் தாங்குவதற்கு ஆளில்லாமல் உள்ளே இறங்கிவிட்டது. இப்படி அமிழ்ந்த பெரும் பள்ளத்தைக் கால்டெரா என்பார்கள். இங்கே இருந்ததன் பெயர் டர்கி க்ரீக் கால்டெரா, சுமார் 12 மைல் அகலம்.

அது நினைவுச்சின்ன எல்லைக்குத் தெற்கே இருக்கிறது. போய்ப் பார்த்தாலும் கிண்ணம்போல் எதுவும் தெரியாது. பள்ளம் விழுந்த பிறகு அடியிலிருந்து புதிதாகக் குழம்பு ஏறி அதை நிரப்பி, நடுப்பகுதியை மேலே தூக்கிவிட்டது. அதற்கப்புறம் கோடிக்கணக்கான ஆண்டு மழை வேறு. இன்றைக்கு அங்கே காடு மூடிய உயரமான மலைதான் நிற்கிறது. பாறையை வரைபடமாக வரைந்து பார்த்த பிறகுதான் அந்த வட்டம் புலப்பட்டது.

தூணெல்லாம் வெடிச்சப்பவே இப்படி நின்னுதா?

இல்லை. வெடிப்பு முடிந்தபோது இங்கே இருந்தது தட்டையான, புகைந்துகொண்டிருந்த ஒரு சமவெளி. கல்லைக் கொடுத்தது நெருப்பு, வடிவத்தைக் கொடுத்தது தண்ணீர். இரண்டுக்கும் நடுவே கோடிக்கணக்கான ஆண்டு இடைவெளி. இதை மட்டும் பிடித்துக்கொண்டால் இந்த மலையில் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

ஏரி வற்றும்போது வண்டல் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்குமே, அதுபோல் பெரும் சாம்பல் படுகை ஆறியபோதும் சுருங்கி, மேலிருந்து கீழாக நெட்டாக விரிசல் விட்டது. பிற்பாடு நிலம் இழுபட்டு உயர்ந்தபோது இன்னும் விரிசல்கள் சேர்ந்துகொண்டன. மழைநீர் இறங்க வழி கிடைத்தது அந்த விரிசல்களில்தான். குளிர்கால இரவில் அந்த நீர் உறைந்து பருத்து, விரிசலை இன்னும் கொஞ்சம் அகட்டும். பகலில் உருகும், மறுபடி உறையும். ஓக் மரமும் ஜூனிப்பரும் வேரை விடும். உதிர்ந்ததை ஓடை அடித்துக்கொண்டு போகும். விரிசல் சந்தாகி, சந்து பள்ளத்தாக்காகி, நடுவில் கரையாமல் நின்றதுதான் தூண்.

பாலைவனத்துல ஏது இவ்வளவு தண்ணி, ஏது பனி?

நியாயமான கேள்வி. கீழே உள்ள சமவெளி வறண்ட புல்வெளியும் முட்செடியும்தான். ஆனால் மலை ஏற ஏற மழை கூடும், குளிரும் கூடும். மாசாய் பாயின்ட் 6,870 அடி, அங்கே குளிர்காலத்தில் பனி விழுகிறது, நிழல் விழும் பாதைகளில் அது நாள்கணக்கில் கரையாமலும் கிடக்கும்.

அதோடு இந்த நிலம் எப்போதும் இவ்வளவு வறண்டு இருந்ததில்லை. பனியுகக் காலங்களில் அமெரிக்காவின் இந்தத் தென்மேற்குப் பகுதியில் ஈரம் அதிகம். நெடுஞ்சாலையில் வில்காக்ஸை நெருங்கும்போது வெள்ளையாக, ஒரு செடிகூட இல்லாமல் பரந்து கிடக்கும் உப்புத்தரை ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். பனியுகத்தில் அது ஏரி. கோச்சீஸ் ஏரி என்று பெயரிட்டிருக்கிறார்கள். அந்தக் காலத்து மழையும் உறைபனியும் தூண்களைச் செதுக்கியதில் பெரும் பங்கு வகித்தன.

செயின்ட் மேரீஸ் தீவுல தூணெல்லாம் பட்டை பட்டையா அழகா இருக்கே, இங்க ஏன் கோணல்மாணல்?

உடுப்பிக்கு எதிரே இருக்கும் அந்தத் தீவைப் பார்த்தவர்கள் கட்டாயம் இதைக் கேட்பார்கள். அங்கே இருப்பது லாவா, சுமார் 8.8 கோடி ஆண்டு பழையது, மடகாஸ்கர் இந்தியாவிலிருந்து பிரிந்த காலத்தோடு தொடர்புள்ளது. ஒரே சீரான லாவா ஒழுங்காக ஆறும்போது விரிசல்களும் ஒழுங்காக விழுந்து ஐங்கோணம், அறுகோணம் என்று பட்டை கிடைக்கும். அங்கே நீங்கள் பார்ப்பது அந்த விரிசலையேதான், பட்டை இன்னும் மழுங்கவில்லை.

இங்கே படுகை மிகத் தடிமன், ஆறுவதும் மெதுவாக. அதனால் விரிசல்கள் தள்ளித் தள்ளி விழுந்தன, அவ்வளவு ஒழுங்கும் இல்லை. அதற்கு மேல் முனைகளை எல்லாம் மழையும் பனியும் உருட்டிவிட்டன.

குறுக்கே கோடு கோடா ஓடுதே, ஒவ்வொரு கோடும் ஒரு வெடிப்பா?

ஒரு தூணில் தெரியும் குறுக்குக்கோடு பக்கத்துத் தூணிலும், பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கத் தூணிலும் அதே மட்டத்தில் தொடரும். நல்ல கண் இருப்பவர்கள் மட்டுமே இதைக் கவனிக்கிறார்கள். எல்லாம் ஒரே படுகையாக இருந்ததற்கு அது அடையாளம்.

ஆனால் கோட்டை எண்ணி வெடிப்பை எண்ண முடியாது. அந்தப் பெரும் வெடிப்பே ஒரே மூச்சில் வரவில்லை, அலை அலையாக வந்தது. இரண்டு பெரிய அலைகளுக்கு நடுவே சில இடங்களில் மெல்லிய சாம்பல் படலம் படிந்து, அவ்வளவாக இறுகாமல் போயிற்று. மழைக்கு முதலில் கரைவது அந்தப் படலம்தான். தூணுக்கு இடுப்பு ஒடுங்குவதும் கழுத்து மெலிவதும் பெரும்பாலும் அந்த மாதிரி இடத்தில். சாம்பல் எல்லா இடத்திலும் ஒரே அளவு ஒட்டவில்லை என்று மேலே சொன்னேனே, அதன் விளைவு இது.

பெரிய பாறை சின்னக் கழுத்துல நிக்குதே, மகாபலிபுரம் வெண்ணெய் உருண்டை மாதிரியா?

ஹார்ட் ஆஃப் ராக்ஸ் போகும் வழியில் இருக்கும் பிக் பேலன்ஸ்டு ராக்கைப் பார்த்ததும் தமிழர் யாராக இருந்தாலும் வாயில் இதுதான் வரும். அதன் உயரம் 25 அடி, குறுக்களவு 22 அடி, எடை ஆயிரம் டன் என்று போட்டிருக்கிறார்கள்.

பார்வைக்கு ஒற்றுமை உண்டு, பிறப்பு வேறு. மாமல்லபுரத்துக் கல் பூமிக்கடியில் ஆழத்தில் உருவாகி, மேலே இருந்த நிலம் தேய்ந்த பிறகு வெளியே வந்தது. இங்கே இருப்பது தரைமேல் கொட்டிய சாம்பல். ஆனால் உருண்டையாக்கிய வேலையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை: முனைகளை இரண்டு மூன்று பக்கத்திலிருந்து ஈரம் தாக்கும், தட்டையான முகத்தை ஒரு பக்கத்திலிருந்து மட்டும், அதனால் முதலில் மழுங்குவது முனைதான். எங்கிருந்தோ உருண்டு வந்து உட்கார்ந்த பாறை என்று சிலர் நினைக்கிறார்கள். அது நகரவே இல்லை. அடியில் இருந்த பாறைதான் அதைச் சுற்றிக் கரைந்துபோனது.

ஒரு நிலநடுக்கம் வந்தா எல்லாம் சாய்ஞ்சிடாதா?

வந்திருக்கிறது. 1887 மே 3-ஆம் தேதி, எல்லைக்கு அந்தப் பக்கம் மெக்சிகோவின் சொனோரா மாநிலத்தில் ஏறத்தாழ 7.5 அளவில் ஒரு நிலநடுக்கம். பவிஸ்பே ஊரில் தேவாலயம் இடிந்து பலர் இறந்தார்கள். இந்த மலையும் நன்றாகவே குலுங்கியிருக்கும். அப்படியும் தூண்களில் பெரும்பாலானவை நிற்கின்றன, ஒல்லிக் கழுத்துள்ளவைகூட.

பார்வைக்குத்தான் ஒல்லி. நன்றாக இறுகிய டஃப் உறுதியான கல், பாரம் நேராகக் கீழே இறங்கும்வரை நிற்கும். பாதையோரம் கிடக்கும் பெரிய துண்டுகளைப் பார்த்தால் எல்லாமே நிற்கவில்லை என்பதும் தெரியும். இப்படி நிற்கும் தூண்களை வைத்தே, அந்த இடம் எவ்வளவு குலுக்கலைத் தாங்கியிருக்கும் என்று ஆராய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

பச்சையா மஞ்சளா இருக்கே, கந்தகமா தாமிரமா?

இரண்டும் இல்லை, கல்பாசி. பிரியாணிக்குப் போடும் கல்பாசியின் உறவு, லைக்கன் என்று பள்ளியில் படித்திருப்போம். தூணின் நிழற்பக்கத்தில் அடர்ந்திருக்கும். மிக மெதுவாக வளர்வது, சுரண்டாதீர்கள்.

ஹெயில்ஸ்டோன் டிரெயில்னு போர்டு இருக்கே, கல்லுக்குள்ள ஆலங்கட்டியா?

எக்கோ கேன்யன் சுற்றின் அடிப்பகுதியில் வருகிறது அந்தப் பாதை. அங்கே பாறையில் உருண்டை உருண்டையாக ஏதோ பதித்துவைத்த மாதிரி இருக்கும், ஒரு சென்டிமீட்டர் போல, சில அதற்கும் பெரியவை. எரிமலை மேகத்தில் ஈரச் சாம்பல் உருண்டு ஆலங்கட்டிபோல் விழுவது மற்ற எரிமலைகளில் உண்மையாகவே நடப்பதுண்டு, பெயரைக் கேட்டால் அதுதான் ஞாபகம் வரும்.

இவை வேறு. ஸ்ஃபெருலைட் என்பார்கள். சாம்பல் கொட்டி அமுங்கிய பிறகு, இன்னும் சூடாக இருந்த கண்ணாடிக்குள் ஒரு புள்ளியிலிருந்து நாலாபக்கமும் ஊசி ஊசியாகப் படிகம் வளர்ந்து உருண்டையானது. வானத்திலிருந்து விழவில்லை, கல்லுக்குள்ளேயே வளர்ந்தது. ஏற்கெனவே உடைந்து கிடக்கும் உருண்டை கண்ணில் பட்டால் உள்ளே நடுவிலிருந்து விரியும் கோடுகளைத் தேடிப் பாருங்கள்.

அப்போ இந்த மலையில லாவாவே கிடையாதா?

இருக்கிறது, எதிர்பாராத இடத்தில். சுகர்லோஃப் மலையின் உச்சி 7,310 அடி, போய்வர 1.8 மைல்தான், மேலே பழைய தீக்கண்காணிப்புக் குடில் ஒன்று உண்டு. நடக்கும்போது காலடியையும் பாருங்கள். டஃப் வெளிறிக்கொண்டே போய், இறுகாத மேல்பகுதி வரும். அதற்கு மேல் திடீரென்று கறுத்த, கெட்டியான கல். அது டாசைட் என்ற வகை லாவா. கால்டெராவை நிரப்பிய குழம்பில் ஒரு பகுதி வெளியே வழிந்து இதுவரை ஓடிவந்தது.

லாவா பள்ளத்தில்தானே ஓடும்? அது எப்படி உச்சியில் உட்கார்ந்திருக்கிறது? ஓடியபோது அந்த இடம் பள்ளம்தான். லாவா அதை நிரப்பி உறைந்தது. இரண்டு பக்கமும் இருந்த டஃப் அதைவிட எளிதில் கரைவது, ஆண்டுகள் போகப் போக அது இறங்கிக்கொண்டே போயிற்று. கெட்டியான லாவா தனக்கு அடியில் இருந்ததைக் காப்பாற்றிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டது. அன்றைய பள்ளத்தாக்குதான் இன்றைய உச்சி. என்னைக் கேட்டால் இந்த மலையில் தூண்களைவிட ஆச்சரியமான சமாசாரம் இதுதான், ஆனால் மேலே போகிறவர்கள் காட்சியைப் படம் எடுத்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள்.

கடற்கரையே இல்லாத இடத்துல ஏன் எரிமலை வந்துச்சு? மலை ஏன் தனித்தனித் தீவா நிக்குது?

இரண்டு கேள்வி, இரண்டு காலம். ஃபராலன் என்ற கடலடித் தட்டு பசிபிக் பக்கத்திலிருந்து வட அமெரிக்காவுக்கு அடியில் சாய்வு குறைவாகப் புகுந்து வெகுதூரம் உள்ளே வந்திருந்தது. பிறகு அது தொய்ந்து ஆழத்தில் இறங்க, அந்த இடத்துக்குச் சூடான பொருள் மேலேறிவந்து அடிநிலத்தை உருக்கியது. மெக்சிகோவின் மேற்கு மலைகளிலிருந்து நியூ மெக்சிகோ, கொலராடோ வரை அந்தக் காலத்தில் பெரும் சாம்பல் வெடிப்புகள் வரிசையாக நடந்தன. டர்கி க்ரீக் அவற்றில் ஒன்று.

மலை உயர்ந்தது அதற்கு வெகு காலம் கழித்து. சுமார் 1.5 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி இந்த நிலப்பரப்பு கிழக்கு மேற்காக இழுபட்டு, நெடுகப் பிளந்தது. சில பாளங்கள் இறங்கிச் சமவெளியாயின, சில உயர்ந்து நின்றன. மாசாய் பாயின்டில் நின்றால் மேற்கே சல்ஃபர் ஸ்பிரிங்ஸ் பள்ளத்தாக்கு, கிழக்கே சான் சைமன் பள்ளத்தாக்கு, நடுவில் நீங்கள்.

2.7 கோடி வருஷம்னு யார் போய் எண்ணினாங்க?

சரியாகச் சொன்னால் 2 கோடியே 69 லட்சம். எண்ணியது சானிடின். அந்தப் படிகத்தில் பொட்டாசியம் நிறைய உண்டு. அதில் மிகச் சிறு பங்கு கதிரியக்கமுள்ள பொட்டாசியம்-40. அதன் அரை ஆயுள் 125 கோடி ஆண்டுகள், சிதையும்போது ஒரு பகுதி ஆர்கான் வாயுவாக மாறும். படிகம் கொதிக்கும் சூட்டில் இருக்கும்வரை ஆர்கான் தப்பித்துவிடும். வெடித்து ஆறிய பிறகு உள்ளேயே மாட்டிக்கொள்ளும். எவ்வளவு ஆர்கான் சேர்ந்திருக்கிறது, எவ்வளவு பொட்டாசியம் மிச்சம் என்று அளந்தால் எப்போது ஆறியது என்பது கிடைத்துவிடும். ஆகவே இது கல் ஆறிய வயது. தூணின் வயது இல்லை, தூண்கள் அதைவிட மிக இளையவை.

மறுபடி வெடிக்குமா?

இந்த எரிமலை வெடிக்காது. அடியில் இருந்த குழம்பு எப்போதோ கல்லாகிவிட்டது. மலைக்குத் தென்கிழக்கே சான் பெர்னார்டினோ பள்ளத்தாக்கில் பசால்ட் என்ற கறுத்த லாவாவால் ஆன சின்னச் சின்னக் கூம்புகளும், பாரமோர் என்ற ஒரு வெடிபள்ளமும் இருக்கின்றன. அவை மிகவும் பிற்காலத்தவை, இந்தக் கால்டெராவோடு சம்பந்தமில்லை. கூம்பு வடிவ எரிமலையைப் பார்த்தே ஆக வேண்டும் என்பவர்களுக்கு அந்தப் பக்கம் கை காட்டிவிடுகிறேன்.

ஃபீனிக்ஸ் பக்கத்துல இருக்கிற சூப்பர்ஸ்டிஷன் மலையும் இதே கல்தானே?

அதே வகை, வேறு வெடிப்பு. அங்கேயும் பெரும் சாம்பல் படுகை இறுகி டஃப் ஆனதுதான், ஆனால் ஏறத்தாழ 1.9 கோடி ஆண்டு, சிரிகாவாவுக்கு இளையது. அங்கே வீவர்ஸ் நீடில் என்று குத்தாக நிற்கும் சிகரத்தை எரிமலையின் தொண்டையில் உறைந்த குழம்பு என்று பலரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்படியில்லை, சுற்றி இருந்த டஃப் கரைந்துபோய் மிஞ்சிய துண்டு அது. நியூ மெக்சிகோவின் ஷிப்ராக்தான் உண்மையிலேயே எரிமலைத் தொண்டை. குத்தாக நிற்பதை எல்லாம் தொண்டை என்று முடிவுகட்டும் முன் நசுங்கிய நுரைக்கல் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அது சாம்பல்.

நம்ம நாட்டுல இந்த மாதிரிக் கல் எங்க பார்க்கலாம்?

தமிழ்நாட்டில் தேட வேண்டாம். நீலகிரியும் ஆனைமலையும் பூமிக்கு ஆழத்தில் வெந்து உருமாறிய மிகப் பழைய பாறைகள். அஜந்தா, எல்லோரா குடைந்த தக்காணப் பாறை எரிமலையில் வந்ததுதான், ஆனால் அது ஓடிப் படிந்த பசால்ட் லாவா, சுமார் 6.6 கோடி ஆண்டு.

வெல்டட் டஃப் வேண்டுமென்றால் ஜோத்பூர். மெஹ்ரான்கர் கோட்டை நிற்கும் குன்று மலானி எரிமலைப் பாறை, சுமார் 75 கோடி ஆண்டு பழையது. அங்கே உள்ள வெல்டட் டஃபை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது. அதுவும் பாலைவன ஓரம்தான்.

ஒரு சின்னக் கல்லு எடுத்துக்கலாமா? மேல ஏறி ஒரு போட்டோ?

இரண்டுக்கும் அனுமதி இல்லை. கல் எடுப்பதும் தடை, தூண்களில் ஏறுவதும் தடை. லென்ஸ் வழியாகப் போனிலேயே நெருக்கத்தில் படம் எடுக்கலாம், நசுங்கிய நுரைக்கல் நன்றாகவே விழும். வெயில் சாய்வாக விழும் காலை நேரமாக இருந்தால் சானிடின் மினுக்கமும் சேர்ந்து கிடைக்கும்.